நடந்து காட்டுங்கள் என்றார்கள்

1991ஆம் ஆண்டு, சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு வேண்டிய வைத்தியச் சான்றிதழைப் பெறுவதற்காகக் கொழும்பில் ஒரு வைத்தியரின் முன் நின்றேன். கண்ணைப் பார்த்தார். காதைச் சோதித்தார். பிறகு கதிரையில் சாய்ந்தபடியே, "கொஞ்சம் நடந்து காட்டுங்கள்" என்றார். இரண்டு வயதில் வந்த போலியோ என் வலது காலை இடுப்பிலிருந்து மெலியவைத்துவிட்டிருந்தது. தொடைவரை இரும்புக் கலிப்பர். கதவுவரை போய்த் திரும்பி வந்தேன். அவர் தாளில் ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறார் என்பது அவருடைய முகத்தைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

"டொக்டர், நான் காருக்குள் நடக்கப் போவதில்லையே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மறவாத இந்தச் சம்பவத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. சில மாதங்களுக்கு முன் கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு பெண் பேசினார். குரலில் தயக்கம். "ஐயா, நீங்கள் இடக்காலாலை கார் ஓடுறியளாம். உண்மையோ?" உண்மைதான் என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகுதான் தன் கதையைச் சொன்னார்.

2009ஆம் ஆண்டு அவருக்குப் பத்து வயது. எறிகணையில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இன்று படித்துப் பட்டம் பெற்று, ஓர் அரச அலுவலகத்தில் கள வேலை பார்க்கிறார். கள வேலை என்றால் கிராமம் கிராமமாகப் போக வேண்டும். பஸ் வராத இடங்களுக்கு ஓட்டோ பிடித்தால் சம்பளத்தில் பாதி அதற்கே போகிறது. சக உத்தியோகத்தர்கள் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு நாளும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் சொன்ன விதம் எனக்கு மிகவும் பழக்கமானது. சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு பழைய காரின் முற்பணத்துக்குக் காசு வைத்திருக்கிறார். ஓடப் பழகலாமென்று சாரதிப் பயிற்சிப் பாடசாலை ஒன்றுக்குப் போனார். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். "தங்கச்சி, எங்கடை காரிலை மூன்று பெடல் இருக்கு. உங்களுக்கு ஒரு கால்தானே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்னோர் இடத்தில், "முதலில் உங்களுக்கு ஏற்றமாதிரி ஒரு காரை வாங்கிக்கொண்டு வாருங்கள், அதிலை பழக்கிறோம்" என்றார்கள்.

இந்த இரண்டாவது பதிலைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அதன் பொருள் என்ன? தன்னால் கார் ஓட முடியுமா என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே அந்தப் பெண் ஒரு காரை வாங்க வேண்டும். எந்த மாதிரியான மாற்றம் தன் உடலுக்குப் பொருந்தும் என்று எவரும் சொல்லித் தராத நிலையில் அதை மாற்றியமைக்கவும் வேண்டும். அதற்குப் பிறகுதான் முதலாவது பாடம். இரண்டு காலும் உள்ள ஒருவரிடம், சொந்தக் கார் வாங்கிய பின்னர்தான் பழக்குவோம் என்று எந்தப் பாடசாலையும் சொல்வதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்பதை இலங்கையில் உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த விலையில் ஒரு காரை வாங்கிப் பரிசோதனை செய்து பாருங்கள் என்பது, வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லும் இன்னொரு வழி.

என் கதையை அவருக்குச் சொன்னேன். இங்கும் சொல்கிறேன்.

நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில் இரவுக் கடமை முடிந்து அலுவலக வாகனத்தில் போவோம். பகலில் பஸ்தான். கொழும்பு பஸ்ஸில் கலிப்பருடன் ஏறுவது எப்படியென்று கேட்காதீர்கள். மிதிபலகையில் என் கால் சரியாக ஊன்றுவதற்கு முன்பே நடத்துனர் மணியடித்துவிடுவார். தொண்ணூறுகளில் அதனுடன் சோதனைச் சாவடிகளும் சேர்ந்துகொண்டன. இறங்கு, வரிசையில் நட, மறுபக்கத்தில் ஏறு. தமிழன் என்பது ஒரு குற்றம், காற்சட்டைக்குள் இரும்பு இருப்பது அடுத்த குற்றம். ஒரே நாளில் மூன்று தடவை கலிப்பரைக் கழற்றிக் காட்டிய நாளும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு நாளின் முடிவில்தான் கார் ஓடப் பழகுவது என்று தீர்மானித்தேன். (கார் வந்த பிறகும் கலிப்பரைக் காட்டத்தான் வேண்டியிருந்தது. ஆனால் இருந்தபடி காட்டலாம்.)

வீட்டில் சொன்னபோது முதலில் மறுத்தவர் என் அம்மா. "உனக்கேன் மோனை இந்தக் கரைச்சல்? தம்பி இருக்கிறான்தானே, எங்கை போறதெண்டாலும் ஏத்திக்கொண்டு போவான்." தம்பியும் அதையே சொன்னான். அவன் உண்மையாகவே ஏற்றிக்கொண்டு போகக்கூடியவன். ஆனால் அவனுக்கு அலுவல் இருக்கும் நாளில் என் அலுவல் நடக்காது. அவனுக்குப் பிடிக்காத நண்பர் வீட்டுக்கு நான் போக முடியாது. எங்கே போகிறேன் என்று எவருக்கும் சொல்லாமல் ஒரு மாலைப் பொழுதில் காலிமுகத்திடலுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. எங்கள் சமூகத்தில் உடற்குறையுள்ளவர்களைப் பெரும்பாலும் வெறுப்பவர்கள் தடுப்பதில்லை, பாசமுள்ளவர்கள்தான் தடுக்கிறார்கள். வெறுப்போடு சண்டை பிடிக்கலாம். அம்மாவோடு எப்படிச் சண்டை பிடிப்பது? பெண் பிள்ளையாக இருந்தால் இந்தப் பாசம் இரட்டிப்பாகும். கிளிநொச்சிப் பெண்ணின் தாயாரும் ஏறக்குறைய என் அம்மாவின் வார்த்தைகளைத்தான் சொல்லியிருக்கிறார்.

என் வலது கால் அக்சிலேற்றரை மிதிக்காது. மிதித்தால் எடுக்காது. ஆனால் இடது காலில் ஒரு குறையும் இல்லை. கிளச் இல்லாத ஓட்டோமற்றிக் காரில் இடது காலுக்கு வேலையே கிடையாது. ஆகவே அக்சிலேற்றரைப் பிரேக்குக்கு இடது பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால், இரண்டு பெடலையும் ஒரே காலால் கையாளலாம். மற்றவர்கள் வலது காலால் செய்வதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடது காலால் செய்வது, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்தவன் நானல்லன். வெளிநாட்டில் பல ஆண்டுகளாக இருந்துவந்த ஏற்பாடு அது. ஒரு சஞ்சிகையில் படம் பார்த்து, அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.

அங்கே ஒரு சிங்கள பாஸ். படத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பிறகு அவர் செய்ததை இன்றுவரை பலரிடம் சொல்லியிருக்கிறேன். பட்டறையில் நின்ற ஓர் ஓட்டோமற்றிக் காரில் ஏறி, தன் வலது காலை மடித்துச் சாரத்தினால் ஆசனத்தோடு கட்டிக்கொண்டு, இடது காலை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தார். பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. இறங்கிவந்து, "புளுவன் மாத்தயா" என்றார். முடியும் ஐயா என்று பொருள். என்னை நடந்து காட்டச் சொன்னவர் படித்தவர். தான் இருந்து பார்த்தவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்.

இரும்புக் கம்பியொன்றைக் குறுக்காகப் பொருத்தி, இடது பக்கத்துப் பெடலை மிதித்தால் வலது பக்கத்து அக்சிலேற்றர் இறங்கும்படி செய்து தந்தார். அந்த முதல் பெடலில் ஒரு பிழை இருந்தது. அது எப்போதும் விறைப்பாக அங்கேயே நின்றது. ஒருநாள் தம்பி என் காரை எடுத்தான். கிளச் மிதித்துப் பழகிய அவனுடைய இடது கால் தன்பாட்டில் அங்கே போய் ஊன்றியது. கார் எங்கள் மதிலைத் தேடிப் போய்விட்டது. மதிலுக்கும் காரின் மூக்குக்கும் மட்டும்தான் சேதம். அதன் பிறகு பாஸ் பெடலுக்கு ஒரு பிணைச்சல் வைத்தார். நான் ஓடும்போது விரித்துக்கொள்ளலாம், மற்றவர் ஓடும்போது மேலே மடித்துவிடலாம். இன்று கடைகளில் விற்கப்படும் இடக்கால் பெடல்களும் இப்படி மடங்குகின்றன. நல்லவற்றில் ஒன்றை விரித்தால் மற்றது தானாகவே மறைந்துவிடும். எங்கள் பாஸும் அதே இடத்துக்கு ஒரு மதிலின் வழியாக வந்து சேர்ந்தார்.

ஓடப் பழக்கியவர் மருதானையைச் சேர்ந்த ஒரு நானா. வேறு மூன்று இடங்களில் மறுத்த பிறகு அவரிடம் போனேன். "தம்பி, எனக்கும் இது புதுசு. ரெண்டு பேரும் சேர்ந்து படிப்போம்" என்றார். பொரளைப் பக்கத்து ஒழுங்கைகளில் ஞாயிறு காலைகளில் பழகினோம். என் காரில் அவர் பக்கத்துக்குப் பிரேக் கிடையாது. ஆகவே முதல் இரண்டு வாரமும் கைப் பிரேக்கைப் பிடித்த கையை அவர் விடவேயில்லை. பெடலை விட எனக்குக் கடினமாயிருந்தது வேறொன்று. முப்பத்தேழு வயதுவரை என் உடல் வேகத்தை அறிந்ததில்லை. ஓடியதில்லை, சைக்கிள் மிதித்ததில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்க முடியும் என்ற கணக்கு மற்றவர்களுக்குச் சிறுவயதிலேயே காலில் ஏறிவிடுகிறது. நான் அதை வளர்ந்த பிறகு எண்ணி எண்ணிக் கற்றேன். அந்த விளக்குக் கம்பம் வரும்போது காலை எடு, இந்த மரம் வரும்போது பிரேக்கைத் தொடு. நானா பொறுமைசாலி.

இரண்டாவது முறை வேறொரு வைத்தியர். என்னோடு கீழே இறங்கிவந்து காரைப் பார்த்தார், சான்றிதழ் கிடைத்தது. மாற்றியமைத்த பெடலை யாரிடம் காட்டி அனுமதி பெறுவது என்று தெரியாமல் கருமபீடம் கருமபீடமாக அலைந்த கதையை இங்கே விட்டுவிடுகிறேன். வீதிப் பரீட்சையில் முதல் தடவை சித்தியடையவில்லை. பரிசோதகர் சொன்ன காரணம், திரும்பும்போது பின்புறக் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்பது. வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். எனக்கோ உள்ளூர ஒரு சந்தோஷம். என் காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எல்லோரும் விடும் பிழையை விட்டு, எல்லோரையும் போலத் தோற்றிருந்தேன். அடுத்த தடவை கண்ணாடியைப் பார்த்தேன்.

இது ஒரு தனிமனிதனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஒரு பாஸ், ஒரு நானா, இறங்கிவந்து பார்த்த ஒரு வைத்தியர். இம்மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் நான் இன்று ஓட்டோவுக்குக் கைகாட்டிக்கொண்டிருப்பேன்.

2014ஆம் ஆண்டு இலண்டனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கைகள் நன்று, கால்கள் இரண்டும் இறுகியவை, சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. பிரித்தானியாவில் கார் ஓடப் பழகுவதற்கு 17 வயதாக வேண்டும். ஆனால் நடமாட்டத்துக்கான அரச கொடுப்பனவை உயர்ந்த வீதத்தில் பெறுபவர்கள் 16 வயதிலேயே தொடங்கலாம். மற்றப் பிள்ளைகள் நடந்தும் பஸ்ஸிலும் போய்வரும் வயதில் இவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது என்பதை அந்தச் சட்டம் கணக்கில் எடுத்திருக்கிறது.

அவனை மதிப்பீட்டு நிலையம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். நானும் கூடப் போனேன். அங்கே யாரும் அவனை நடந்து காட்டச் சொல்லவில்லை. நகராத ஒரு கார் ஆசனத்தில் இருத்தினார்கள். முன்னால் ஸ்டியரிங், பெடல்கள், ஒரு விளக்கு. சிவப்பு எரிந்ததும் எத்தனை கணத்தில் பிரேக் பிடிக்கிறான், எவ்வளவு பலத்தோடு பிடிக்கிறான், ஸ்டியரிங்கைத் திருப்பத் தோளில் எவ்வளவு வலு இருக்கிறது என்றெல்லாம் அளந்தார்கள். காலால் முடியாது என்று தெரிந்ததும் கைக்கு மாற்றினார்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். முன்னே தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் அக்சிலேற்றர். ஒரு கை அதில் இருப்பதால் மறுகையால் மட்டும் ஸ்டியரிங்கைச் சுழற்ற வேண்டும். அதற்காகச் சக்கரத்தில் பந்துபோல ஒரு கைப்பிடி. திடீர்ச் சத்தம் கேட்டால் அவனுடைய கால்கள் தாமாகவே துள்ளும் என்று தங்கை சொன்னாள். அதற்கும் வழி இருந்தது. பெடல்களை மூடி ஒரு தகடு. கால் துள்ளினாலும் பெடலில் படாது. பிறகு வெளியே நின்ற கார்களில் ஒன்றில், பயிற்றுநர் பக்கத்திலும் பிரேக் உள்ள ஒன்றில், ஏற்றிக்கொண்டு போனார்கள். முழுவதும் ஒரே முற்பகல் வேலை. அவன் இன்று வேலைக்குத் தானே ஓடிப்போகிறான்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு காலத்தில் பிரித்தானிய அரசு உடற்குறையுள்ளவர்களுக்கு வெளிர்நீல நிறத்தில் மூன்று சில்லு வண்டி கொடுத்துவந்தது. ஒரேயொரு ஆசனம். மனைவியை ஏற்ற முடியாது, பிள்ளையை ஏற்ற முடியாது. உடற்குறையுள்ளவனுக்குக் குடும்பம் இருக்கும் என்ற நினைப்பே அதைச் செய்தவர்களுக்கு வரவில்லை போலும். 1977இல் மோட்டபிலிற்றி என்ற திட்டம் வந்து, கொடுப்பனவைக் கொண்டு சாதாரணக் குடும்பக் காரையே குத்தகைக்கு எடுக்க வழி பிறந்தது. அந்த நீல வண்டிகள் 2003ஆம் ஆண்டு வீதியிலிருந்து முற்றாக நீக்கப்பட்டன. அண்மைக் காலத்திலும், கொடுப்பனவு முறை மாற்றப்பட்டபோது மறுமதிப்பீட்டில் தகுதியிழந்து காரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். ஆனால் அங்கே ஒருவருக்கு "முடியாது" என்று சொல்வதற்கு முன் அவரை ஆசனத்தில் இருத்திப் பார்க்கிறார்கள். மருமகனைச் சோதித்த அதே நாளில் வேறோர் இளைஞனுக்கு, பார்வைப் புலத்தில் உள்ள குறையினால் ஓட இயலாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் அழுதான். ஆயினும் அளந்து பார்த்து, காரணத்தை விளக்கிச் சொன்ன மறுப்பு அது. 1991இல் எனக்குக் கிடைத்ததையும் கிளிநொச்சிப் பெண்ணுக்குக் கிடைத்ததையும் அதனோடு ஒன்றாக எண்ண முடியாது.

வீதியில் போகும் மற்றவர்களின் உயிர் முக்கியமில்லையா என்று சிலர் கேட்பார்கள். மிக முக்கியம். அதனால்தான் சொல்கிறேன், சோதியுங்கள், ஆனால் சரியானதைச் சோதியுங்கள். இந்தக் காரியம் புதியதுமன்று. 1921இல் போலியோவினால் கால்கள் செயலிழந்த அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், கையால் இயக்கும்படி மாற்றியமைத்த ஃபோர்ட் காரைத் தானே ஓட்டியவர். 1939 ஜூனில் தம் ஹைட் பார்க் இல்லத்துக்கு வந்த பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜோர்ஜையும் அரசியையும் அந்தக் காரில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டினார். (அரசிக்குப் பயம் பிடித்துவிட்டதாம். கால் காரணமில்லை, ஜனாதிபதி ஓட்டிய வேகம்.) நமக்கு அண்மையில் கேரளத்தில், பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத ஒரு பெண் கால்களால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓடப் பழகி, நீதிமன்றம்வரை போய், 2023 டிசம்பரில் அனுமதிப்பத்திரம் பெற்றார்.

இலங்கையில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தொழிலிலும் கல்வியிலும் பொது இடங்களிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007இல் கையெழுத்திட்டு, 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தினோம். அதன் 20ஆம் உறுப்புரை முழுவதும் நடமாட்டத்தைப் பற்றியது. தாம் விரும்பும் நேரத்தில், விரும்பும் முறையில், தாங்கக்கூடிய செலவில் நடமாடுவதற்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. நடமாடும் திறன்களில் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும், அப்பயிற்சியை அளிப்பவர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், ஏதோவொரு வகை இயலாமையுடன் வாழ்வதாகப் பதிவானவர்கள் 16 இலட்சத்துக்கும் மேல். அவர்களில் எல்லோருக்கும் கார் வேண்டாம், எல்லோராலும் ஓடவும் முடியாது. ஓட முடியுமா என்று பார்ப்பதற்குத் தன் ஊரருகே ஓர் ஆசனம் கிடைத்தவர் எத்தனை பேர்?

நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் சொல்லை மாற்றிக்கொண்டேயிருந்தோம். அங்கவீனர் என்று எழுதினோம், பிறகு வலது குறைந்தோர், பிறகு வலுவிழந்தோர், பிறகு விசேட தேவையுடையோர், இப்போது மாற்றுத்திறனாளிகள். ஒவ்வொரு தடவையும் கூட்டம் வைத்து ஆலோசித்தோம்; நானும் அதில் ஆர்வமாகக் கலந்துகொண்டேன். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கை ஒரு பெடலுக்குச் செலவிட்டிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.

மாகாணத்துக்கு ஒரு கார். இதுதான் என் வேண்டுகோள். ஒன்பது மாகாணங்கள், ஒன்பது கார்கள். ஓட்டோமற்றிக்காக இருக்க வேண்டும். பயிற்றுநர் பக்கத்தில் பிரேக். மடக்கும் இடக்கால் பெடல், கழற்றிப் பூட்டும் கை நெம்புகோல், ஸ்டியரிங்கில் கைப்பிடி. அதோடு, தன் காலைக் கட்டிக்கொண்டு ஓடிப் பார்க்கத் துணிந்த ஒரு பயிற்றுநர். வைத்தியச் சான்றிதழுக்கு வருபவரை அந்தக் காரில் வைத்து வைத்தியர் பார்க்கட்டும். அரச அலுவலக முற்றங்களில் துருப்பிடித்து நிற்கும் வாகனங்களைக் கண்டவர்கள் ஒன்பது கார் அதிகம் என்று சொல்லமாட்டார்கள்.

கடல் கடந்து வாழும் அன்பர்களுக்கும் ஒன்று. வன்னிக்கு நீங்கள் அனுப்பிய சக்கர நாற்காலிகளும் செயற்கைக் கால்களும் எத்தனையோ பேரை எழுப்பி விட்டிருக்கின்றன. அந்த நன்றியைக் குறைத்துச் சொல்பவன் நானல்லன். ஆனால் பல நாற்காலிகளின் முதுகில் கொடுத்தவரின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பயிற்சிக் காரின் கதவில் இன்னும் பெரிதாக எழுதலாம், இடம் தாராளம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இத்தகைய மாற்றங்களைச் செய்து ஓடும் தமிழர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் பழைய கை நெம்புகோலொன்று இங்கே ஒரு பாஸின் கைக்கு மாதிரியாகக் கிடைத்தால், அவர் பத்துச் செய்து தருவார்.

கிளிநொச்சிப் பெண்ணுக்கு நான் முதலில் சொன்னது, காரை வாங்க வேண்டாம் என்பதுதான். ஒரு சனிக்கிழமை காலை யாழ்ப்பாணத்திலிருந்து என் காரை எடுத்துக்கொண்டு போனேன். பாஸின் பெடல் இப்போது மூன்றாவது காரில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார், கடைசித் தடவை பொருத்தியவர் அவருடைய மகன். அந்தப் பெண்ணிடம் பயிலுநர் அனுமதி இன்னும் இல்லாதபடியால் வீதிக்குப் போகவில்லை. அறுவடை முடிந்து காய்ந்து இறுகிக் கிடந்த உறவினர் காணியொன்றில் அவரைச் சாரதி ஆசனத்தில் இருத்தினேன். செயற்கைக் காலைக் கழற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அதை வலப்பக்கம் ஒதுக்கி வையுங்கள் என்றேன். அந்தக் காலால் மிதிக்கலாம்தானே என்று கேட்டார். மிதிக்கலாம், ஆனால் எவ்வளவு மிதிக்கிறோம் என்பது அந்தப் பாதத்துக்குத் தெரியாது. இடது பாதத்துக்குத் தெரியும் என்று விளக்கினேன். தாயார் வேப்பமரத்தடியில் நின்று, "பிள்ளை, மெல்லப் போ, மெல்லப் போ" என்றபடி இருந்தார். கார் நகரவே தொடங்கியிருக்கவில்லை.

முதல் அரை மணித்தியாலம் என் கையும் கைப் பிரேக்கிலேயே இருந்தது. நானாவை நினைத்துக்கொண்டேன். நான்காவது சுற்றில் கையை எடுத்துவிட்டேன்; அவர் அதைக் கவனிக்கவில்லை. பத்தாவது சுற்றில் தாயாரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "அம்மா, ஏறுங்கோ" என்றார். தாயார் ஏறவில்லை. வாசல் வரைக்குமெண்டாலும் வாங்கோ என்று மகள் கெஞ்ச, கடைசியில் ஏறிப் பின்னாசனத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அடுத்த சனிக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். பெடலின் பிணைச்சல் கிறீச்சிடுகிறது, அதற்கு முன் எண்ணெய் விட வேண்டும். கேள்விப்பட்டு இன்னும் இருவர் வருவார்களாம். அதில் ஒருவருக்கு இல்லாதது இடது கால். அவருக்கு என் பெடல் தேவையேயில்லை. கடையில் நிற்கும் எந்த ஓட்டோமற்றிக் காரும் அப்படியே பொருந்தும். பதினாறு ஆண்டுகளுக்கு மேலாக அதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.